மாமிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்

சிவப்புப் பேனை ஒன்றையும் அச்சகத்திலிருந்து வந்திருந்த தாள்களையும் என் மேசையில் வைத்துவிட்டு, "பின்னேரத்துக்கிடையில பார்த்துத் தாரும்" என்று சொல்லி இணைப்பாளர் தம் அறைக்குள் போனார். தலைப்புப் பக்கம் போக இருபத்துமூன்று தாள்கள், தாளுக்கொரு புழு. மேலே ஆங்கிலப் பெயர் தடித்த எழுத்தில், கீழே படம், படத்தின் கீழே எங்கள் பெண்கள் அந்தப் புழுவை அழைக்கும் பெயர், பிறகு அதன் குணம் பற்றி நாலு வரி. மூடியைக் கழற்றிக்கொண்டு முதல் தாளைப் பார்த்தேன். ஊர்ப்பெயர் பிழை. இரண்டாவது தாளிலும் பிழை. மூன்று, நாலு, ஐந்து என்று புரட்டிக்கொண்டே போனேன். ஒரேயொரு புழு மட்டும் தற்செயலாகத் தன் சொந்தப் பெயரோடு இருந்தது. மற்ற இருபத்திரண்டும் அடுத்தவர் பெயரோடு நின்றன. நான் பேனையை மூடி வைத்துவிட்டு, வாசலில் இருந்த கடைக்குப் போய் ஒரு பிளேன்ரீ வாங்கி ஆறுதலாகக் குடித்தேன். அவ்வளவு ருசியான தேத்தண்ணீரை அதற்கு முன்னும் பின்னும் நான் குடித்ததில்லை.

நான் எதையும் லேசில் மறக்கிற ஆள் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் பொய் சொன்னது, கோபப்பட்டது எல்லாவற்றையும் சாமியாரிடம் சொல்லிவிடுவேன். அந்தப் பிளேன்ரீயை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் மனம் வருந்த வேண்டும். எனக்கு வருத்தம் வரவில்லை என்பதுதான் உண்மை.

மன்னார்த் தீவுக்குள் வருகிற, கடலுக்கு நடுவே போட்ட தாம்போதிப் பாதையின் இரண்டு பக்கமும் கடல் வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேறு வெளியே கிடக்கும். மாரிகாலத்தில் வந்திறங்கும் பறவைகளுக்கு அந்தச் சேற்றுப் புழுக்கள்தான் சாப்பாடு. தூண்டிலுக்கும் இறால் பண்ணைக்கும் அவற்றைக் கிண்டி விற்கிற பெண்கள் எங்கள் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அந்தப் புழுக்களுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர், ஊரில் என்ன பெயர் என்று ஒரு கைநூல் செய்ய வெளிநாட்டு உதவியோடு ஒரு திட்டம் வந்தது. அதன் இணைப்பாளராகக் கொழும்பிலிருந்து வந்தவர்தான் நான் சொல்லும் மனிதர். தமிழர்தான். நன்றாகப் படித்தவர். சேற்றில் ஒரு நாளும் கால் வைக்காதவர். கரையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போடச் சொல்லி, சப்பாத்தைக் கழற்றாமலே இருந்து, நாங்கள் முழங்காலளவு சேற்றுக்குள் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் அங்கே களப்பணி உதவியாளர். சின்ன வயதில் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், அகதி முகாமில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்துவிட்டுத் திரும்பி வந்தவள். புழு என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை முகாமில் படித்தபடி 'வார்ம்' என்று சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி இணைப்பாளர் சிரித்தார். "அது கேம்ப் இங்கிலீஷ். வேர்ம் எண்டு சொல்லும் பாப்பம்" என்று என்னை மூன்று தரம் சொல்ல வைத்தார். சொன்னேன். இன்னொரு நாள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஒரு பெண், குறிப்பெடுப்பது யார் என்று என்னைக் காட்டிக் கேட்டாள். இவளும் கிண்டுகிற பெண்களில் ஒருத்திதான், பேனை பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான் என்று எனக்கு முன்னால் நின்றே ஆங்கிலத்தில் பதில் சொன்னார். எனக்கு விளங்காது என்று நினைத்திருப்பார். ஒரு சொல் விடாமல் விளங்கியது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, அவர்தான் சிரித்தார்.

ஆனால் அந்த வேலையில் எனக்குப் பித்துப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலக்காரர் புழுவுக்கு வைத்திருக்கும் சொற்களைப் படிக்கப் படிக்க ஆசை கூடியது. நாங்கள் ஊனில் நெளிவதையும் புழு என்போம், மரத்தைத் துளைப்பதையும் புழு என்போம். அவர்களோ ஈயின் குஞ்சுக்கு மாகட், வண்டின் குஞ்சுக்கு கிரப் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்களுடைய மயிர்க்கொட்டி அவர்களுக்கு கற்றர்பில்லர். இவ்வளவு கவனமாகப் பிரித்தவர்கள் வேறு சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு வேர்ம் என்று ஒட்டிவிட்டதும் உண்டு. படர்தாமரை அவர்களுக்கு ரிங்வேர்ம். அதில் புழுவே கிடையாது. வள்ளத்துப் பலகையைத் தின்கிற ஷிப்வேர்ம் உண்மையில் ஒரு சிப்பிச் சாதி. எங்கள் கடலட்டையைப் பார்த்து வெள்ளரிக்காய் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். கந்தோரில் கிடந்த தடித்த ஆங்கிலக் கைநூல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய், இந்தச் சொற்களை அகர வரிசையில் எழுதி எழுதிப் பார்ப்பேன்.

ஊர்ப்பெயர்கள் எல்லாம் என் சின்னம்மாவிடமிருந்து வந்தவை. அம்மாவின் தங்கை. கிண்டுகிற பெண்களில் அவர்தான் மூத்தவர். வாங்குகிறவன் எல்லாவற்றையும் புழு என்றே கேட்பான். கிண்டுகிறவளுக்கு எது எது என்று தெரியாவிட்டால் கை போய்விடும். அதற்காகச் சின்னம்மாவும் மற்றப் பெண்களும் சேற்றுக்குள் நின்று சிரித்துச் சிரித்துப் பெயர் வைத்தார்கள். எல்லாம் வீட்டு ஆட்களின் பெயர், ஊர் ஆட்களின் பெயர். கொழுத்த லக்வேர்ம் தன் பொந்துக்குள்ளேயே படுத்திருந்து வாசலில் மண்ணைச் சுருள் சுருளாகத் தள்ளிவிடும். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்து, முழுதாக ஒரு நாளும் கைக்கு வராமல் அறுந்துபோகிற ரிபன்வேர்முக்கு, அலைய வைக்கிற ஊர் அதிகாரி விதானையாரின் பெயர். வள்ளத்துக்குள் இருந்துகொண்டே வள்ளத்தைத் தின்கிற ஷிப்வேர்ம், வள்ளத்துச் சொந்தக்காரனான சம்மாட்டி. தொட்டவுடன் தனக்குள்ளேயே சுருங்கி ஒரு கடலைக்கொட்டை அளவுக்கு ஆகிவிடுகிற பீநட்வேர்ம் மருமகள்.

மாமி என்பது ஃபயர்வேர்ம். பார்வைக்குப் பட்டுப்போல வெள்ளை மயிர் வரிசையாக இருக்கும், தடவிப் பார்க்க ஆசை வரும். தடவினால் அந்த மயிர் தோலுக்குள் ஏறி இரண்டு மூன்று நாளைக்கு எரியும். இந்தப் பெயரைச் சின்னம்மா விளையாட்டுக்கு வைக்கவில்லை. முகாமில் அவருடைய தலைப்பிள்ளை காய்ச்சலில் செத்தது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று, தன் தலையை வடிவாக இழுத்துச் சீவியபடி அவருடைய மாமியார், "உன்ர ராசிக்கு எது தங்கும்" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அந்த மனுசி சாகும்வரை சின்னம்மா ஒரு சொல் பேசவில்லை. செத்தபோது சவத்துக்கும் போகவில்லை. கல்லறைத் திருநாளில் எல்லாக் கல்லறையிலும் மெழுகுதிரி எரியும்போது மாமியாருடைய கல்லறையைத் தாண்டிப் போய்விடுவார். எங்கள் குடும்பத்துக்கு இந்தக் குணம் பரம்பரையாக வருகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பெயர்களை நான் எழுதிய முறையைச் சொல்ல வேண்டும், எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. முகாம் பள்ளிக்கூடத்தில் 'பொருத்துக' என்று ஒரு கேள்வி வரும். இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் ஒரு வரிசை, எதற்கு எது என்று கோடு போட்டு இணைக்க வேண்டும். நானும் கொப்பியில் அப்படியே எழுதினேன். இடது பக்கத்தில் பெண்கள் சொன்ன ஒழுங்கில் ஊர்ப்பெயர்கள், வலது பக்கத்தில் அகர வரிசையில் ஆங்கிலப் பெயர்கள். கோடுகளைக் கொப்பியில் போட்டால் திருத்தும்போது ஊத்தையாகிவிடும் என்று, வரைபடம் எடுக்க வைத்திருந்த, அடியில் இருப்பது தெரிகிற எண்ணெய்த்தாளை மேலே விரித்து அதில் பென்சிலால் கோடு போட்டேன். ஒவ்வொரு புழுவையும் சின்னம்மாவுக்கு நேரே காட்டி, இதுதானே அது என்று கேட்டுக் கேட்டு ஒரு வருசமாக இழுத்த கோடுகள் அவை. கொப்பியில் எழுத்து மட்டும் இருந்தது. எதற்கு எது என்பது எண்ணெய்த்தாளில் இருந்தது.

தொடக்கத்தில் இணைப்பாளர் கதிரையில் இருந்தபடி சின்னம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, இது உங்கட புத்தகம். உங்கட பேர்தான் முதல் பக்கத்தில வரும்" என்று சொன்னார். சின்னம்மா சேற்றுக் கையை இடுப்புச் சீலையில் துடைத்துக்கொண்டு வெட்கப்பட்டார். முகாம் பதிவிலும் திரும்பி வந்த பதிவிலும் அவருடைய பெயரை ஒவ்வொருவன் ஒவ்வொரு மாதிரிப் பிழையாக எழுதியிருந்தான். "இதிலயாவது சரியா எழுதிவிடு பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். நான் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் காலை நான் வெளியே போயிருந்த நேரம் இணைப்பாளர் என் மேசை லாச்சியைத் திறந்து கொப்பியை எடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். எண்ணெய்த்தாள் என் வீட்டில் இருந்தது. தாள்கள் திரும்பி வந்தபோது முதல் பக்கத்தில் அவருடைய பெயர் மட்டும், அவருடைய பட்டங்களோடு இருந்தது. கீழே, உள்ளூர் மக்களுக்கு நன்றி என்று ஒரு வரி. உள்ளே அவர் கொப்பியில் எதிரெதிராக இருந்ததை வரிக்கு வரி அப்படியே சேர்த்திருந்தார். சேற்றில் ஒரு நாள் நின்றவருக்கும் அது பிழை என்று தெரிந்திருக்கும்.

பின்னேரம் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எல்லாம் சரியோ?" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

"ஓம் சேர், சரி" என்றேன்.

"ஒரு பிழையும் இல்லையோ?"

"விதானையாருக்கு ஒரு கால் போடாமல் விட்டிருந்தினம் சேர். அதைத் திருத்திப் போட்டன்."

வெளியீட்டு விழாவைச் சேற்றுக் கரையிலேயே பந்தல் போட்டு நடத்தினார்கள். அந்த வெளிநாட்டுப் பெண்ணும் வந்திருந்தாள். இணைப்பாளர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "அக்கா, மாமியைக் கொண்டு வாங்கோ" என்று ஒலிபெருக்கியில் கேட்டார். புத்தகத்தில் மாமி என்ற பெயர் பீநட்வேர்முக்குக் கீழே இருந்தது. சின்னம்மா வாளியில் தன்னுடைய மாமியைக் கொண்டு வந்தார், தடியால் தள்ளி வைத்துக்கொண்டு. "தீங்கற்றது. தொட்டால் சுருங்கும். கைக்கு இதமானது" என்று வாசித்தபடி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இணைப்பாளர் வாளிக்குள் கையை விட்டார். "சேர், கையை வைக்காதேங்கோ" என்று சின்னம்மா தடுத்தார். "எனக்குத் தெரியும் அக்கா" என்றார். நான் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. திறக்கவில்லை.

அவர் கத்தவில்லை, அந்த அளவுக்குக் கெட்டிக்காரர். முகம் மட்டும் வெளிறிப்போனது. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியை மற்றக் கைக்கு மாற்றி, "பிழையான புழுவைக் கொண்டு வந்திட்டா. இந்த அம்மாவுக்கு இப்ப வயசு போட்டுது, மாறிச் சொல்லுறா" என்றார். சனம் சிரித்தது. எனக்கு வந்துகொண்டிருந்த சிரிப்பு அந்த இடத்தில் நின்றுபோனது. சின்னம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனார். பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்ல நினைத்தேன், ஆனால் எதைச் சொல்வது என்று தெரியாமல் போகாமலே விட்டுவிட்டேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'சரிபார்த்தவர்' என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள் என்பதை அன்றுதான் கண்டேன்.

திட்டம் முடிந்தது, வேலையும் முடிந்தது. வருசங்கள் போய்விட்டன, இப்போது நான் முருங்கனில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். என் மாணவர்கள் எந்தச் சொல்லை எப்படி உச்சரித்தாலும் நான் சிரிப்பதில்லை. போன மாதம் ஒரு நாள் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தொலைபேசி அடித்தது. குரலைக் கேட்டவுடன் இணைப்பாளர் என்று தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் 'நீர்' என்று பேசியவர் இப்போது 'நீங்கள்' என்று தொடங்கினார். புத்தகத்தை மறுபடி அச்சிடப் போகிறார்களாம். அந்த வெளிநாட்டுப் பெண் அன்று பந்தலில் நடந்ததைச் சொல்லி, ஊர்ப்பெயர்கள் எல்லாம் பிழை என்று கடிதம் எழுதியிருக்கிறாளாம். சரியானதைக் கொடுக்காவிட்டால் அவருடைய பெயரை எடுத்துவிடுவார்களாம்.

"உங்களிட்ட பழைய குறிப்பு ஏதும் கிடக்கோ தங்கச்சி?"

"இல்லை சேர்."

"ஒண்டும் இல்லையோ?"

"கிண்டுற ஆக்களிட்ட என்ன சேர் குறிப்பு" என்றேன்.

தொலைபேசியை வைத்துவிட்டேன். பஸ் வந்தது, ஏறி யன்னலோரம் இருந்தேன். உயிலங்குளம் தாண்டும்வரை என் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை. எண்ணெய்த்தாள் என் அலுமாரியில், கலியாணச் சீலைக்குக் கீழே பத்திரமாக இருந்தது. அவர் பெயரை எடுக்கட்டும். அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு நானே எழுதுவேன். சரியான புத்தகம் வரும், முதல் பக்கத்தில் சின்னம்மாவின் பெயர் வரும், ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல். அந்தச் சனிக்கிழமையே எண்ணெய்த்தாளைச் சுருட்டிக்கொண்டு, கோடுகளை இன்னொரு தரம் சரிபார்க்கச் சின்னம்மாவிடம் போனேன்.

கடல் வற்றியிருந்தது. தெற்குப் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சின்னம்மாவும் இரண்டு இளம் பெண்களும் கிண்டுகிற அலவாங்குக் கம்பியோடு சேற்றில் நின்றார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினேன். அவர் கிளறிய சேற்றில் வெள்ளை மயிரோடு ஒன்று நெளிந்தது.

"கவனம் பிள்ளை, மருமகள் நிக்கிறா" என்றார் சின்னம்மா.

பகிடி என்று நினைத்தேன். "சின்னம்மா, அது மாமி எல்லே?"

"அது பழைய கதை. இப்ப இவதான் மருமகள். இவளுகளும் அப்பிடித்தான் சொல்லுறாளுகள், வாங்க வாறவனும் புத்தகத்தைப் பார்த்து அப்பிடித்தான் கேக்கிறான்." இளம் பெண்கள் இருவரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு வேறு பெயர் இருந்ததே தெரியாது.

"அந்த ஆள் பிழையாப் போட்டதெல்லோ" என்றேன்.

"அந்தாளுக்கு என்ன தெரியும். ஆனால் நீ பார்த்துச் சரியெண்டு விட்ட புத்தகம். உன்ர பேர் கடைசிப் பக்கத்தில கிடக்கு. அண்டைக்குப் பந்தலுக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பெட்டையைக் கூப்பிட்டு முழுக்க வாசிக்கச் சொன்னனான்." அவர் அலவாங்கைச் சேற்றில் குத்தி வைத்துவிட்டு அதில் சாய்ந்துகொண்டார். "மாமி தீங்கில்லாதவ, தொட்டால் தனக்குள்ள சுருங்கிப் போவா எண்டு கிடந்தது. மருமகள்தான் எரிக்கிறவ எண்டு கிடந்தது. எனக்கு முதலில உன்னில கோவம். பிறகு இரவிரவா யோசிச்சன். படிச்ச பிள்ளை காரணம் இல்லாமல் மாத்தாது. செத்த மனிசியை இன்னும் எவ்வளவு காலத்துக்குச் சேத்துக்குள்ள போட்டு மிதிக்கப் போறாய் எண்டு என்னை நேரில கேக்க ஏலாமல், நீ புத்தகத்தில கேட்டிருக்கிறாய் எண்டு விளங்கினது."

சுருட்டியிருந்த தாளை நான் மற்றக் கைக்கு மாற்றினேன்.

"அவவுக்கும் அது பேரப்பிள்ளைதானே. அவவும் அண்டைக்கு என்ன பேசிறது எண்டு தெரியாமல்தான் பேசியிருப்பா. நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை, பதினெட்டு வருசம் அந்த மனிசிக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கேல்லை. அந்த வருசக் கல்லறைத் திருநாளுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினனான். இப்ப வருசா வருசம் கொளுத்திறன்." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கனகாலமாக் கேக்கவேணும் எண்டு இருந்தனான். அதுக்குத்தானே மாத்தினனீ?"

என் கையில் எண்ணெய்த்தாள் இருந்தது. அதைப் பார்த்து, "என்ன பிள்ளை அது?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை சின்னம்மா, வகுப்புத் தாள்" என்றேன். "ஓம், அதுக்காகத்தான் மாத்தினனான்."

தாம்போதி வழியே நடந்து வரும்போது தாளைத் துண்டு துண்டாகக் கிழித்துப் பாலத்துக்குக் கீழே போட்டேன். வீட்டுக்கு வந்து இணைப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். புத்தகத்தில் ஒரு பிழையும் இல்லை, சேற்றில் எந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டாலும் இந்தப் பெயர்களைத்தான் சொல்வார்கள், வேண்டுமென்றால் அந்த வெளிநாட்டுப் பெண்ணை வந்து கேட்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். போன கிழமை மறுபதிப்பு வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் அவருடைய பெயர் அப்படியே இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் என்றாவது ஒரு நாள் நான் மறந்தாலும் மறக்கக்கூடும். அந்தப் பெயரை என் கையாலேயே அங்கே இருக்க வைத்ததற்காக மட்டும் அவரை ஒரு காலமும் மன்னிக்கமாட்டேன்.